வெட்டுச்சொல்

பேய் தலையைப் படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டிக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறி வந்தது.

ஒரு நொடிக்கு முன்பு வரை அதற்கு விரித்த கூந்தலும் வெள்ளை விழிகளும் இருந்தன. தாடையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றுச் சுவரில் அதன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்த நேரம் பார்த்து நிலானி, "ஐயோ அம்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். திரையின் தலைமாட்டில் சோப்பு டப்பா அளவில் உட்கார்ந்திருந்த தணிப்பான் அதைக் கேட்டுக்கொண்டது. அதன் நெற்றி விளக்கு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறியது. ரத்தம் ரோஸ்மில்க் ஆனது. கதாநாயகியின் கையிலிருந்த அரிவாள் கரண்டியானது. மேலே ஏறி வந்த பேய் அவளைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று விசாரித்தது.

"போச்சு" என்றான் செழியன். நிலானியின் கணவன். சோபாவில் காலை நீட்டியிருந்தவன் மடக்கிக்கொண்டான்.

மகள் தூரிகை தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது மானப் பிரச்சினை. தூரிகை தன் தோழிகளோடு கூட்டுப்பார்வையில் இருந்தாள். எல்லார் வீட்டிலும் ஒரே படம் ஒரே நேரத்தில் ஓடும், ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்கும். அப்படிப் பார்க்கும்போது எந்த வீடு மிகவும் பயந்த வீடோ, அதன் அளவுக்குத்தான் எல்லா வீட்டுப் படமும் வெட்டுப்படும். ஆக, உறையூரில் நிலானி ஐயோ என்றதற்குத் தில்லைநகரிலும் கருமண்டபத்திலும் பேய் ரிப்பன் கட்டிக்கொண்டது. திரையின் ஓரத்தில் தோழிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாகப் போனவள், "உங்க வீட்ல இன்னும் பத்தியமாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தணிப்பான் வெட்டிக் கொடுக்கும் படத்துக்கு ஊரில் வைத்த பெயர் பத்தியம். உப்பும் இல்லை, காரமும் இல்லை, படுத்த படுக்கையில் கிடப்பவருக்குக் கொடுப்பது. ஒரு வீட்டைப் பார்த்து அப்படிச் சொல்வது நல்ல பேச்சில் சேராது.

ஒரு காலத்தில் படத்தை வெட்டுவதற்கென்று ஒரு குழு இருந்தது. நாலு பேர் உட்கார்ந்து பார்த்து, இது ஆகும் இது ஆகாது என்று நாட்டுக்கே சேர்த்து முடிவு சொல்வார்கள். பிறகு படங்கள் தியேட்டரை விட்டு வீட்டுக்குள் புகுந்து இணையம் வழியாக இழைத்திரையில் ஓட ஆரம்பித்தன. வெட்டினால் ஒரு கூட்டம் வழக்குப் போட்டது, வெட்டாவிட்டால் இன்னொரு கூட்டம் போட்டது. அரசாங்கம் அலுத்துப்போய் வீட்டுத் தணிக்கைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து கையைக் கழுவிக்கொண்டது. இனி அவரவர் வீட்டுக்கு அவரவரே தணிக்கைக் குழு. முதலில், பார்ப்பவரின் இதயத் துடிப்பை அளந்து அதற்கேற்ப வெட்டுவதாகத்தான் பேச்சு. நீதிமன்றம் தடுத்துவிட்டது. நெஞ்சுக்குள் இருப்பது தனிச்சொத்து, எந்தக் கருவியும் அதை அளக்கக் கூடாது. வாயை விட்டு வெளியே வந்த சொல் பொதுச்சொத்து, அதை எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து தணிப்பான் சொல்லை மட்டும்தான் கேட்கிறது. குரலின் நடுக்கம், தொனி, மூச்சு வாங்குவது எல்லாம் நெஞ்சைச் சேர்ந்தவை. அவற்றைக் கேட்பது குற்றம்.

ஐயோ, போதும், வேண்டாம், கடவுளே, அம்மா ஆகியவை வெட்டுச்சொற்கள். ஒன்று வாயில் வந்தால் விளக்கு ஒரு படி இறங்கும். செம, சூப்பர், மிரட்டல், வேற லெவல் என்பவை வாழ்த்துச்சொற்கள். அவற்றைச் சொல்லச் சொல்ல விளக்கு ஏறும். வெள்ளை, மஞ்சள், பச்சை என்று மூன்றே படிதான். இறங்குவதற்கு ஒரு சொல் போதும், ஏறுவதற்கு வாரக்கணக்கில் வாழ்த்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு பார்த்தால் என்ன என்று கேட்டால், அதுவும் ஆகாது. பேச்சு மூச்சில்லாமல் இருந்தால் பயத்தில் உறைந்துபோய்விட்டார்கள் என்று தணிப்பான் எடுத்துக்கொள்ளும். எனவே படம் பார்ப்பது என்றால் ஓயாமல் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே இருப்பது என்று ஆகிவிட்டது. நம் மக்களுக்கு அது ஒன்றும் பெரிய சிரமமாக இருக்கவில்லை.

செழியனிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது. சண்டைப் படம் என்றால் அடி விழுகிற சத்தம் எலும்பில் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அது நடனம் என்பான். வில்லன் வசனம் பேசினால் அவனுக்குப் பிடிக்காது. தூரிகை பேய்ப் படக் கட்சி. கதவு படாரென்று திறந்தால் அது மட்டமான படம், கதவு திறந்தே கிடந்து அதை யாரும் கவனிக்காவிட்டால் நல்ல படம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. நிலானிக்கும் அபிப்பிராயங்கள் இருந்தன, ஆனால் அவை தணிப்பானுக்கு உதவாதவை. சந்தைக்குள் கார் புகுந்து தக்காளி வண்டியை நொறுக்கிக்கொண்டு போகும்போது செழியன் செம என்பான். இவள் அந்தத் தக்காளிக்காரர் என்ன ஆனார் என்று தேடுவாள். பேய்க்கு ஒரு வீட்டில் நுழைந்து என்னதான் வேண்டும், நேரே கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்க வாயெடுப்பதற்குள் பேய் வந்துவிடும். இவள் ஐயோ என்பாள்.

அந்த ரிப்பன் கட்டிய பேய்க்குப் பிறகு, ஹாலில் படம் ஓடும்போது நிலானி உள்ளே இருந்துவிடுவது நல்லது என்று முடிவாயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை. "கொஞ்ச நேரம்தானே, நீ கதவச் சாத்திக்கிட்டு உள்ள இரேன்" என்று செழியன் கெஞ்சுகிற குரலில்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவள் காபிக் கோப்பையையும் அவனே உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் இருவரும் சிரிப்பது கேட்கும். வாரத்தில் ஆறு நாள் மூன்று பேரும் மூன்று திசையில் போகிற வீடு அது. ஒன்றாக உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் திரைக்கு முன்னால்தான். தன்னை மட்டும் விட்டுவிட்டு வீடு எங்கேயோ ஊருக்குப் போய்விட்டதுபோல் அவளுக்கு இருந்தது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அழுதாள். அழுதபோதும் வாயைத் துணியால் மூடிக்கொண்டாள். சத்தம் ஹாலுக்குப் போய்விடுமே.

நிலானி ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. அந்த வாரம் பள்ளி மைதானத்தில் மகிழ்நிலா என்ற குட்டிப் பெண் ஓடிவந்து சிமெண்டுத் தரையில் விழுந்தாள். இரண்டு முட்டியிலும் தோல் வழண்டு ரத்தம் துளிர்த்தது. நிலானி ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தையின் கண் நிறைய நீர். உதடு கோணிக்கொண்டு அழுகைக்குத் தயாராக இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"செம, மிஸ்" என்றாள் மகிழ்நிலா.

அழாத குழந்தை என்று நிலானி அவளைத் தட்டிக்கொடுத்தாள், வகுப்பில் எல்லாரும் கைதட்டச் சொன்னாள். மருந்து போடும்போது அவள் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. ஆறு வயதுக் குழந்தையால் முடிவது தன்னால் ஏன் முடியவில்லை?

வீட்டுக்கு வந்ததும், தனக்கும் அப்படிச் சொல்லப் பழக்கிவிட முடியுமா என்று மகளிடம் கேட்டாள். தூரிகை முகம் மலர்ந்து எழுந்து உட்கார்ந்தாள். அன்று மாலையே பயிற்சி ஆரம்பமாயிற்று. திரையை அணைத்துவிட்டு, நிலானியைச் சோபாவில் உட்கார வைத்து, பின்னாலிருந்து பிடரியில் ஐஸ்கட்டியை வைப்பாள். தட்டைத் தரையில் போடுவாள். கதவுக்குப் பின்னாலிருந்து குதிப்பாள். முதல் சில நாட்கள் எல்லாவற்றுக்கும் ஐயோதான். பிறகு ஐயோ பாதியில் நின்றது. பிறகு ஐ என்று ஆரம்பித்துச் செம என்று முடிந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மகளோடு அவள் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் இருந்து பல மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நூறு ஐஸ்கட்டி வைத்தாலும் தகும் என்று நினைத்தாள்.

ஐயோ போய்விட்டது. அம்மா மட்டும் போகவில்லை. நாக்கில் ஊறிய சொல். காலில் இடித்துக்கொண்டால் அம்மா, குனிந்து நிமிர்ந்தால் அம்மா. எப்படியோ அதையும் பல்லுக்குப் பின்னால் நிறுத்தப் பழகினாள். ஆனால் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு மஞ்சளுக்கு ஏறியிருந்த சமயம், தூரிகை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, தண்ணி" என்று கையை நீட்டினாள். விளக்கு வெள்ளைக்கு இறங்கியது. திரையில் ஒரு பேய் உட்கார்ந்து பூத்தொடுக்க ஆரம்பித்தது.

இழைத்திரைக் கம்பெனிக்குச் செழியன் புகார் எழுதினான். பதில் மரியாதையாக வந்தது. அம்மா என்பது கூப்பிடுவதா அலறுவதா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் தொனியைக் கேட்க வேண்டும், தொனியைக் கேட்பது சட்டப்படி குற்றம், எனவே பாதுகாப்புக் கருதி அச்சொல் எங்கு வந்தாலும் அலறலாகவே கொள்ளப்படும், பொறுத்தருள்க. மற்ற மொழிக்காரர்களிடமிருந்து இப்படியொரு புகார் இதுவரை வந்ததில்லை என்றும் ஒரு வரி கீழே இருந்தது. தூரிகை மம்மி என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பேய்ப் படக் கணக்கில் அதற்கு ஏற்கனவே துணி சுற்றிய பிணம் என்று வேறு பொருள் இருந்தது, அதற்கும் விளக்கு இறங்கியது.

"பேர் சொல்லிக் கூப்பிடட்டுமா? என் ஃப்ரெண்ட்ஸ் வீட்ல எல்லாம் அப்டித்தான்" என்றாள் தூரிகை. "ஹால்ல மட்டும்."

ஹாலில் மட்டும் என்று நிலானியும் ஒத்துக்கொண்டாள். மகள் முதன்முதலாக நிலா என்று கூப்பிட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிலா என்று செழியன் மட்டும்தான் கூப்பிடுவான். அன்று இரவு படுத்த பிறகு சிரிப்பு போய் நெஞ்சில் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. என்ன குறைந்தது என்று தெரியவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பெயர் ஹாலைத் தாண்டி அடுப்படிக்கு வந்தது, பிறகு வாசலுக்கு, பிறகு தொலைபேசிக்கு. அம்மா என்று அந்த வீட்டில் கடைசியாகச் சொன்னது எந்த நாள் என்று யாருக்கும் நினைவில்லை. அப்படி ஒரு நாள் கடந்து போவது போகும்போது யாருக்குத் தெரிகிறது?

ஆனால் விளக்கு பச்சைக்கு ஏறியது. அதைப் பார்த்த நாளில் செழியன் தெருமுனைக் கடையிலிருந்து எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். தோழிகள் திரும்பி வந்தார்கள். கருமண்டபத்துக்காரி, "ஆன்ட்டி வேற லெவல்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். நிலானி சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் மடியில் காலைப் போட்டுக்கொண்டு மகள். திரையில் யாருடைய தலையோ உருண்டது. அவள் உள்ளங்கை வியர்த்தது, வாய் மிகவும் தெளிவாகச் செம என்றது. இவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த வருடம் இருந்ததில்லை.

ஒருநாள் காலை தோசைக்கல்லில் கை பட்டுவிட்டது. விரல் கொப்பளிக்கும் அளவுக்குச் சூடு. "செம" என்றாள் நிலானி, கையை உதறிக்கொண்டே. தூரிகையும் செழியனும் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் மைதானத்தில் விழுந்த குட்டிப் பெண்ணின் கோணிய உதடு ஏனோ ஞாபகத்துக்கு வந்து போயிற்று.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் செழியனும் நிலானியும் புதுச் சண்டைப் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். தூரிகை அவள் அறையில் இருந்தாள். மறுநாள் பள்ளியில் பூப்பந்துப் போட்டி என்று பரணில் கிடந்த மட்டைப் பையை எடுக்கப் போயிருந்தாள். அவள் அறையில் காதொலி மாட்டிக்கொண்டு தனியாகப் படம் பார்ப்பதும் உண்டு. செம, மிரட்டல் என்று அங்கிருந்து குரல் வருவது வீட்டில் மின்விசிறிச் சத்தம்போல் பழகிப்போன ஒன்று.

படத்தில் நாயகன் ரயில் கூரையில் ஏறியிருந்தான். உள்ளிருந்து ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. படத்திலும் கண்ணாடி உடைந்துகொண்டிருந்தது, எது எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

"நிலா" என்றது மகளின் குரல். "செம."

"சூப்பர்டா" என்று இங்கிருந்தே பதில் சொன்னாள் நிலானி.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நிலா... செம... செம..."

"என்ன படம்னு கேளு, நல்லாருந்தா அடுத்து அதப் போடலாம்" என்றான் செழியன். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இந்த இடத்தில் எழுந்து போனால் கதை விட்டுப்போகும். இது முடியட்டும் என்று நிலானி உட்கார்ந்திருந்தாள். அந்த உட்கார்ந்திருந்த நேரத்தை அவள் பிற்பாடு எத்தனை விதமாக எடைபோட்டுப் பார்த்தாலும் அது குறையவில்லை.

மூன்றாவது முறை குரல் மிகவும் மெதுவாக வந்தது. சொல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நிலானிக்குத் தொனி கேட்டது. தணிப்பானுக்குத் தடை செய்யப்பட்ட ஒன்று பெற்றவளுக்குத் தடை செய்யப்படவில்லை. எழுந்து போனாள்.

பீரோவின் ஆளுயரக் கண்ணாடி கீழே நொறுங்கிக் கிடந்தது. பரணிலிருந்து இழுத்த பை அதன்மேல் விழுந்திருந்தது. அந்த நொறுங்கலுக்கு நடுவில், கட்டிலில் சாய்ந்தபடி தூரிகை இருந்தாள். இடது மணிக்கட்டுக்கு மேலே பிளந்திருந்தது. வலது கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள், விரலிடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. தரையில் இருந்தது ரோஸ்மில்க் இல்லை. முகம் வெளுத்து, கண் அகன்று, அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

நிலானி வாயைத் திறந்தாள். செழியனைக் கூப்பிட, அடுத்த வீட்டைக் கூப்பிட, ஊரையே கூப்பிட. உடம்பில் இருந்த மூச்செல்லாம் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"செம" என்று அலறினாள். "செம! செம!"

ஹாலிலிருந்து செழியனின் சிரிப்பு கேட்டது. "அவ்ளோ நல்லாவா இருக்கு? என்ன படம்?" என்று கேட்டுவிட்டு, ரயில் வெடிக்கப்போவதால் ஒலியைக் கூட்டினான்.

மறுபடி முயன்றாள். அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பல்லுக்குப் பின்னால்தான் நிறுத்தி வைத்திருந்தாள். ஆனால் அங்கே கை வைத்தால் எதுவும் இல்லை. கடைசியில் ரத்தம் தோய்ந்த கையோடு ஹாலுக்கு ஓடி, செழியனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலைத் தாண்டும்போது தணிப்பான் இனிமையான மணியொலியோடு வாழ்த்துச் சொன்னது. இந்த வீட்டின் பாராட்டு இன்று சாதனை அளவைத் தொட்டிருக்கிறதாம். இனி எந்தப் படமும் அவர்களுக்கு முழுசாகக் கிடைக்குமாம்.

மருத்துவமனையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவசரப் பிரிவின் வாசலில் ஒரு பலகை தொங்கியது: நோயாளி பாராட்டினால் உடனே மருத்துவரை அழைக்கவும். எழுத்தில் பாதி உரிந்துபோயிருந்தது. அத்தனை நாளாக அது அங்கே தொங்கியிருக்கிறது.

உயிர் பிழைத்தாள். அறுந்த நரம்பைத் தைத்தார்கள். டாக்டர் ரெஹானா என்ற அறுவை மருத்துவர் சுற்றி வளைக்காதவர். மோதிர விரலும் சுண்டு விரலும் இப்போது அசையாது, தைத்த நரம்பில் உயிர் திரும்பினால் அசையும், சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பொறுத்தார்கள். தை பிறந்து, மாசியும் பாதி போயிற்று. ஒவ்வொரு முறையும் டாக்டர் அந்த இரண்டு விரலையும் ஊசிமுனையால் தொட்டு வலிக்கிறதா என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் தூரிகை நேராகப் பார்த்து, "செம" என்பாள். வலியில் சொல்கிறாளா, வலி இல்லாமல் சொல்கிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊசியை எடுத்த பிறகும் செம என்றாள், ஊசி படாத விரலுக்கும் செம என்றாள்.

"இத அளக்கிறதுக்கு மெஷின் எதுவும் இல்லையா?" என்று கேட்டான் செழியன்.

"இருந்துச்சு. வலியும் நெஞ்சுக்குள்ள இருக்கிறதுதான்னு சொல்லி அந்தத் தீர்ப்புல அதையும் சேத்து எடுத்துட்டாங்க" என்றார் டாக்டர். "வாய விட்டுச் சொன்னாதான் உண்டு. வலிக்கிதுன்னா நரம்பு பொழச்சிருச்சு, விட்டுறலாம். வலிக்கலன்னா மறுபடி தெறந்து, கால்ல இருந்து நரம்பு எடுத்து வைக்கணும். பொழச்ச நரம்பத் தெறந்தா அதுவும் போயிரும். நான் எத நம்பி கத்தியெடுக்கறது, சொல்லுங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் நிலானி மகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தரம் அம்மா என்று சொல்லச் சொன்னாள். கெஞ்சித்தான் கேட்டாள். தூரிகை உடனே தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். தணிப்பானை அவர்கள் கழற்றி எறிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருந்தது.

"கத்தணும்னுதான் அன்னிக்கும் நெனச்சேன், நிலா" என்றாள். "வாய்ல அதான் வந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னா வெட்டிருவாங்கன்னு பயமா இருக்கு" என்றாள். எதை வெட்டுவார்கள் என்று நிலானி கேட்கவில்லை. மகளுக்கே அது தெரியாமல் இருக்கும்.

இறுதியாக ஒரு சோதனை, அதற்குப் பிறகு முடிவு என்று டாக்டர் நாள் குறித்தார். அன்றைக்கு நிலானியையும் செழியனையும் அறைக்குள் விடவில்லை. "உங்களப் பாத்தா தைரியமாயிர்றா. வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது நிலானிக்குப் புதிதில்லை.

காத்திருப்போர் கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். சுவரில் பெரிய திரை, அதன் தலைமாட்டில் தணிப்பான், மஞ்சள் விளக்கு. சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாருக்கு என்ன நடக்கிறதோ என்று கலங்கிப்போய் வந்தவர்கள்தான் எல்லாரும். படம் பார்த்தால் கொஞ்சம் மறக்கலாம், படம் பத்தியமாகிவிட்டால் அதுவும் கிடையாது. எனவே கவனமாக, விட்டுவிட்டு, செம, சூப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வார்டுகளின் திரைச்சீலைகளுக்குப் பின்னாலிருந்தும் அதே சொற்கள் வந்தன. எது பாராட்டு, எது வேதனை என்று ஒரு நர்ஸ் திரைச்சீலையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நிலானி திரையைப் பார்க்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தாள். கைகளைக் கோத்துக்கொண்டு, கத்து கண்ணே, ஒரு தரம் கத்து என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் கண் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். திரையில் ஒருவன் கத்தியோடு மாடிப்படியில் ஏறினான். நாயகன் படியின் திருப்பத்தில் முதுகைக் காட்டி நின்றான். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. செழியன் மெதுவாக, "மிரட்டல்" என்றான். அவளும் ஏதோ சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு அலறல்.

"அம்மா!"

ஐம்பது அறுபது தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தன. மஞ்சள் வெள்ளையானது. மாடிப்படியில் ஏறியவனின் கையில் கத்தி நெளிந்து கரண்டியாக ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒருவர் உச்சுக் கொட்டி, "யாருப்பா அது, நல்ல சீன்ல" என்றார்.

நிலானியும் விளக்கைத்தான் பார்த்திருந்தாள். இறங்கிவிட்டதே என்ற எரிச்சல் அவள் நெற்றியில் சுருங்கியிருந்தது. சத்தம் வந்த கதவுப் பக்கம் திரும்பி, விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றாள்.

"அம்மா!" என்று மறுபடி கேட்டது, இந்த முறை அழுகையோடு. விரலை உதட்டிலிருந்து எடுக்காமலே அவள் அந்தக் குரலைக் கேட்டாள். தெரிந்த குரலாக இருந்தது.